லைசென்ஸ் வாங்கிய மகன் மறுபடியும் பயிற்சிக்குப் போக வேண்டுமா?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

மகனுக்கு 20 வயது. கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. எட்டு மாதங்களுக்கு முன் டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் பழகி, முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டான். வீட்டில் புது கார். கோடை மழை பிடித்த ஒரு மாலையில் நாற்கரச் சாலையில் 75 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது, சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினான், பெடல் கடகடவென்று உதறியது, பயந்து காலை எடுத்துவிட்டான், ஸ்டியரிங்கை ஒடித்ததில் வண்டி மீடியனில் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. பம்பரும் ஒரு வீலும் போயின. "பிரேக் பிடிக்கவில்லை, வண்டியில்தான் கோளாறு" என்கிறான். சர்வீஸ் சென்டரில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு மகனை அட்வான்ஸ்டு டிரைவிங் பயிற்சிக்கு அனுப்ப ஆசை. மகனோ, "லைசென்ஸ் இருக்கே, மறுபடியும் எல் போர்டா? பசங்க சிரிப்பாங்க" என்கிறான். அப்பா, "ஓட்ட ஓட்டத்தான் கை வரும், நான் எந்த கிளாஸுக்குப் போனேன்?" என்கிறார். ஆடியில் கொல்லிமலைக்கு மகன்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சாவியை எடுத்து வைத்துக்கொண்டால் மகன் வழிக்கு வருவானா? பயிற்சி கொடுத்தால் இன்னும் வேகமாக ஓட்டுவானோ? சான்றிதழ் இருந்தால் இன்சூரன்ஸ் குறையுமா? எனக்கு ஓட்டவே தெரியாது, நான் என்ன செய்ய முடியும்? 16 வயது மகளையும் கூடவே பழக்கிவிடலாமா? இவைதான் அவர் கேட்டிருப்பவை.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மழை நாளைப் பேசிவிடுவோம். உங்கள் வீட்டில் மூன்று பேரும் அதை மூன்று விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மகன் வண்டியைக் குறை சொல்கிறான், கணவர் மொபெட்காரரைக் குறை சொல்கிறார், நீங்கள் மகனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பயப்படுகிறீர்கள். அன்று நடந்தது என்னவென்று மகனுக்குச் சரியாகப் புரிந்தாலே, பயிற்சி எதற்கு என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பெடல் உதறியது கோளாறு அல்ல. அது ஏ.பி.எஸ். வேலை செய்ததன் அறிகுறி. ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி அழுத்தினால் சக்கரங்கள் சுழலாமல் இறுகிவிடும். இறுகிய சக்கரம் வழுக்கும், ஸ்டியரிங் சொன்ன பக்கம் திரும்பாது. அதைத் தடுக்க ஏ.பி.எஸ். ஒரு நொடிக்குள் பல முறை பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்கிறது. அந்த அதிர்வுதான் காலுக்குத் தெரிகிறது, கூடவே கரகரவென்று சத்தமும் வரும். அப்போது செய்ய வேண்டியது, அழுத்திய காலை எடுக்காமல் வண்டி நிற்கும்வரை முழு பலத்தோடு அழுத்தியபடியே, தேவையானால் காலியாக உள்ள பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவது. பிரேக் பிடித்தபடியே திருப்ப முடிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கருவியே வண்டியில் இருக்கிறது. உங்கள் மகன் சரியாக அந்த நொடியில் காலை எடுத்துவிட்டான். 75 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி பிரேக் இல்லாமல் போனால் வண்டி 21 மீட்டர் ஓடிவிடும்.

இதில் அவனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. 2019க்குப் பிறகு வந்த கார்களில் எல்லாம் ஏ.பி.எஸ். இருக்கிறது, ஆனால் லைசென்ஸ் வாங்கும்வரை ஒருவரும் அதை வேலை செய்யவைத்துப் பார்த்ததில்லை. டிரைவிங் ஸ்கூலில் 30, 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போவதில்லை. கிளட்ச், கியர், ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு சுற்று என்று முடிந்துவிடும். வண்டியை நகர்த்தவும் திருப்பவும் நிறுத்தவும் தெரியும் என்பதற்கான சான்றுதான் லைசென்ஸ். 100 கி.மீ. வேகத்தில், இரவில், மழையில், மலையில் ஓட்டுவது அந்தத் தேர்வில் வருவதே இல்லை. மகனிடம் இதை இப்படியே சொல்லுங்கள். அவன் சரியாகக் கற்கவில்லை என்று சொல்லாதீர்கள். அவனுக்கு அது கற்றுக்கொடுக்கப்படவில்லை, அதுதான் உண்மை.

அவனுக்கு ஒரு செயல்முறை: ஆள் நடமாட்டம் இல்லாத, குறைந்தது 200 மீட்டர் நீளமுள்ள மைதானத்தில், உரிமையாளரின் அனுமதியோடு, பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் இருக்க, 40 கி.மீ. வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்து வண்டி நிற்கும்வரை காலை எடுக்காமல் இருக்க வேண்டும். ஐந்தாறு முறை செய்தால் கால் அந்த உதறலுக்குப் பழகிவிடும். பிறகு 60 கி.மீ. வேகத்தில். எத்தனை வீடியோ பார்த்தாலும் கால் இதைக் கற்றுக்கொள்ளாது.

நல்ல பயிற்சியில் கண்ணுக்குத்தான் முதல் பாடம்

ஆனால் பிரேக் அடிக்கக் கற்றுக்கொள்வதோடு பயிற்சி முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அந்த மொபெட் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மீடியனில் இடைவெளி இருப்பது 150 மீட்டருக்கு முன்பே தெரிந்திருக்கும். அங்கே ஒரு வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பதும் தெரிந்திருக்கும். பயிற்சி பெற்றவர் அதைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கின் மேல் சும்மா வைத்துக்கொண்டு, ஹார்னைத் தொட்டு, மிரரில் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்திருப்பார். அந்த இடத்தை 75க்குப் பதில் 50 வேகத்தில் கடந்திருப்பார். ஏ.பி.எஸ்ஸுக்கு வேலையே வந்திருக்காது.

புதிதாக ஓட்டுபவர்களின் பார்வை பெரும்பாலும் பானெட்டுக்கு முன்னால் இருபது முப்பது மீட்டரிலேயே நிற்கும். முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். பார்வையை அடுத்த திருப்பம்வரை கொண்டுபோய், அங்கிருந்து சாலையின் இரண்டு ஓரங்களுக்கும், பிறகு மிரர்களுக்கும் என்று நிற்காமல் சுற்றவைப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். நின்றிருக்கும் பஸ்ஸின் முன்னாலிருந்து ஒருவர் ஓடிவரலாம். பஸ்ஸுக்கு அடியில் கால்கள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் காரின் முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருந்தால் அது கிளம்பப் போகிறது. டீக்கடை முன் வரிசையாக லாரிகள் நின்றால் சாலையைக் கடக்க ஆள் இருக்கும். பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே குழந்தை வரும். நாற்கரச் சாலையில் ஊர் நெருங்கும்போதெல்லாம் யு டர்னைச் சுற்றிப் போகச் சலித்துக்கொண்டு ராங் சைடில் வரும் டூ வீலர் இருக்கும். அது இடது ஓரத்தில், நமக்கு நேர் எதிரே வரும். இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, கண் தானாகத் தேடும்வரை பழக்க வேண்டும்.

இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறை, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. பிரிட்டன் காவல்துறையின் ஓட்டுநர் பயிற்சியில் நெடுங்காலமாக இருப்பது. "முன்னால் இடதுபக்கம் பள்ளிக்கூட போர்டு... ஆட்டோ பிரேக் லைட் எரிகிறது, ஆள் இறங்கலாம்... பின்னால் லாரி நெருங்குகிறது... 60க்கு இறங்குகிறேன்" என்று. சொல்லும்போது எதைப் பார்க்கவில்லை என்பது பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், களைத்துவிடும்.

உங்களுக்கு ஓட்டத் தெரியாதே என்று வருந்துகிறீர்கள். இந்த ஒரு பயிற்சிக்கு உங்களைவிட நல்ல துணை வீட்டில் இல்லை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கியர், கிளட்ச் என்று திருத்தத் தொடங்கிவிடுவார். உங்களுக்கு அது தெரியாது. மகன் சொல்வதையும் சாலையையும் மட்டும் ஒப்பிடுவீர்கள். அவன் சொல்லாமல் விட்டதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, வண்டி நின்ற பிறகு சொல்லுங்கள். ஓடும் வண்டியில் "ஐயோ, பார்த்து" என்று கத்துவது அவன் கவனத்தைச் சாலையிலிருந்து உங்கள் பக்கம் திருப்பிவிடும்.

"ஓட்ட ஓட்டத்தான் வரும்" என்பது பாதி சரி

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அனுபவம் இல்லாமல் எந்தப் பயிற்சியும் நிற்காது. ஆனால் சாலை ஒரு கண்டிப்பான வாத்தியார் இல்லை. தொண்ணூற்றொன்பது தடவை தவறாக முந்தினாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததாலேயே அது சரியான முறை என்று கை பழகிவிடும். நூறாவது தடவை திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. இந்தியாவில் 2022ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் மாநிலத்துக்கு, 64,105. இதில் அனுபவசாலிகள் ஓட்டிய வண்டிகளும் ஏராளம்.

உங்கள் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது, அதைக் கணவரிடம் சொல்லிப் பாருங்கள். நாமக்கல் கேஸ் டேங்கர் லாரிகளுக்குப் பேர்போன ஊர். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்ட, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்று பெற வேண்டும்; லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் ஒரு நாள் வகுப்பு. அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் நாமக்கல்லில் 1995லிருந்து நடக்கிறது. வருடக்கணக்காக வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் வகுப்பில் உட்காருவதைக் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை. மகனிடமும் இதையே சொல்லலாம். மறுபயிற்சி என்பது எல் போர்டு சமாச்சாரம் அல்ல, தொழில்முறை ஓட்டுநர்களின் வழக்கம்.

கணவருக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரு கணக்கு. ஆபத்தைப் பார்த்து காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர். 60 கி.மீ. வேகத்தில் வண்டி முழுதாக நிற்க சுமார் 45 மீட்டர் வேண்டும். 80ல் சுமார் 68 மீட்டர். 100ல் சுமார் 97 மீட்டர். இப்போது 80ல் வந்த வண்டியும் 100ல் வந்த வண்டியும் ஒரே இடத்தில் ஒரே ஆபத்தைப் பார்க்கின்றன என்று வையுங்கள். 80ல் வந்த வண்டி இடிக்காமல் மயிரிழையில் நின்றுவிடும் அதே இடத்தை, 100ல் வந்த வண்டி இன்னும் 70 கி.மீ. வேகத்தோடு தாண்டும். இருபது கி.மீ. கூடுதல் வேகம், மோதும்போது எழுபதாக வந்து நிற்கிறது. பொறியியல் படிக்கும் பையன். இதை அவனையே காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மழையில் பிடிமானம் குறையும்போது 80 கி.மீ. வேகத்துக்கே 95 மீட்டர்வரை போகும் என்பதையும் அவனே கண்டுபிடிப்பான். இரவில் டிம் லைட்டில் அந்த அளவு தூரம் தெரியவே தெரியாது.

நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் மழையின் முதல் பத்து பதினைந்து நிமிடங்கள் மிக மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு சேர்ந்து வழுக்கும். உங்கள் மகன் மாட்டியது சரியாக அந்த நேரத்தில்தான்.

எந்தப் பயிற்சி, எது வேண்டாம்

பயிற்சி எடுத்தால் வேகம் கூடிவிடுமோ என்று நீங்கள் பயப்படுவது வீண் பயம் இல்லை. நார்வே நாட்டில் 1979லிருந்து புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் தளத்தில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறைவதற்குப் பதில் கூடியிருந்தன. சறுக்கினாலும் சமாளித்துவிடுவேன் என்ற தைரியம் வந்துவிட்டது; சமாளிக்கும் திறமை அந்த அளவுக்கு வரவில்லை. அதன் பிறகு வடஐரோப்பிய நாடுகளில் பாடத்தையே மாற்றினார்கள். சறுக்கும் வண்டியை மீட்கக் கற்றுக்கொடுப்பதைக் குறைத்து, எவ்வளவு எளிதாகக் கட்டுப்பாடு போய்விடும் என்று உணரவைப்பதில் கவனம் வைத்தார்கள்.

அதனால் டிரிஃப்ட், ஹேண்ட் பிரேக் திருப்பம், அரை நாளில் ஸ்கிட் கண்ட்ரோல் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்கு அவனை அனுப்பாதீர்கள். கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் போன்றவற்றில் நடக்கும் ரேஸ் பயிற்சி மரியாதைக்குரிய விளையாட்டு. ஆசையிருந்தால் பிறகு ஒருநாள் போகட்டும். ஆனால் அங்கே எதிரே மாட்டுவண்டி வராது, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். அது வேறு கலை.

ஆபத்தை முன்கூட்டியே கணித்துத் தவிர்த்து ஓட்டக் கற்றுத்தரும், 'டிஃபென்சிவ் டிரைவிங்' என்ற பெயரில் நடக்கும் பயிற்சிகளைத் தேடுங்கள். பணம் கட்டுமுன் நேரடியாகக் கேளுங்கள்:

ஒரு காருக்கு எத்தனை பேர்? மூன்றுக்கு மேல் என்றால் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் போதாது. என் மகன் மொத்தம் எத்தனை நிமிடம் ஓட்டுவான் என்று கேட்டால் தெளிவான பதில் வர வேண்டும்.

மைதானத்தில் அவசர பிரேக் பயிற்சியும், பிறகு உண்மையான சாலையில் ஓட்டமும் இரண்டும் உண்டா? சாலை ஓட்டம் இல்லாத பயிற்சி எனக்கு உடன்பாடில்லை.

தொடக்கத்தில் ஒருமுறை ஓட்டவைத்துப் பார்த்து, எழுத்தில் குறை நிறைகளைத் தருவார்களா? மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு அமர்வு உண்டா? ஒரே நாளில் கற்றது ஒரு மாதத்தில் கரைந்துவிடும். இரண்டாவது அமர்வுதான் கற்றதை நிலைக்கவைக்கும்.

வண்டி யாருடையது, பயிற்சியின்போது இடித்தால் செலவு யாருடையது, இரட்டை பெடல் இருக்கிறதா?

சொந்தக் காரில் பழகுவது நல்லது, அந்த வண்டியைத்தான் தினமும் ஓட்டப் போகிறான். போகுமுன் டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாகாத நிலையில், டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பார்த்துவிடுங்கள். டயர் பட்டையில் உள்ள பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்ற வேண்டும். மழைக்காலத்துக்கு 3 மி.மீ. இருந்தால் நிம்மதி.

நல்ல பயிற்சியாளர் முதல் அரை மணி நேரம் வண்டியை நகர்த்தவே விடமாட்டார். உட்காரும் முறையைத் திருத்துவார். பிரேக்கை முழுதாக அழுத்திய நிலையிலும் முட்டி கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். தோள் சீட்டிலிருந்து எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ.; ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும். கைகள் கடிகாரத்தின் 9, 3 இடங்களில். சீட்டைச் சாய்த்து, ஒரு கையால் ஓட்டும் பழக்கம் இளைஞர்களிடம் அதிகம். அவசரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பவும் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கவும் அந்த நிலையில் முடியாது.

மகனிடம் எப்படிப் பேசுவது

சாவியைப் பிடுங்கி வைக்க வேண்டாம். அவன் மேஜர், செல்லத்தக்க லைசென்ஸ் உள்ளவன். கார் உங்கள் கணவர் பெயரில் இருப்பதால் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமைதான். ஆனால் கட்டாயத்தில் வகுப்புக்குப் போகிறவன் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டான். வீட்டு வண்டி கிடைக்கவில்லை என்றால் கோவையில் நண்பனின் வண்டியை ஓட்டுவான். அது உங்கள் கண்ணில் படாத ஓட்டம்.

அந்த விபத்தை உறவினர் முன்னால் எடுக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, அன்று பெடல் உதறியதற்கான காரணம் இதுதானாம் என்று தொடங்குங்கள். தன்மேல் பழி விழவில்லை என்று தெரிந்ததும் அவனே கேள்வி கேட்பான். பயிற்சியை எங்கே, எந்தத் தேதியில் எடுப்பது என்று தேடிப் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பை அவனிடம் விடுங்கள். மேலே சொன்ன கேள்விகளை அவனே போன் செய்து கேட்கட்டும். கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு காருக்கான குழு தயார். சிரிப்பார்கள் என்ற கூச்சமும் போய்விடும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் கணவரும் அதே நாளில் பயிற்சிக்குப் போகட்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகள் லைசென்ஸ் எடுக்குமுன்பே பல வருடம் பின்சீட்டிலிருந்து அப்பாவைப் பார்த்துக் கற்றிருக்கிறார்கள். அவர் போனில் பேசியபடி ஓட்டினால், பெல்ட்டை டோல்கேட் வரும்போது மட்டும் மாட்டினால், எந்த வகுப்பும் அதைத் துடைக்க முடியாது.

வீட்டுக்குள் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். நியூசிலாந்தில் 1987லிருந்து லைசென்ஸையே படிப்படியாகத்தான் தருகிறார்கள். இடைநிலையில் இருப்பவர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது, மேற்பார்வை இல்லாமல் பிறரை ஏற்றிச் செல்லவும் கட்டுப்பாடு உண்டு. புதிய ஓட்டுநருக்கு ஆபத்து கூடும் இரண்டு சூழல்கள் அவை: இரவு, வண்டி நிறைய சமவயதுக்காரர்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு படிநிலை இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையும் இல்லை. இரவு பத்துக்கு மேல் ஓட்டம் இல்லை, ஒரு நண்பருக்கு மேல் ஏற்றுவதில்லை, போன் பெட்டிக்குள், எல்லோருக்கும் பெல்ட். பதிலுக்கு நீங்களும் ஒன்று தாருங்கள்: எந்த நேரத்தில் எங்கே மாட்டிக்கொண்டாலும் கூப்பிட்டால் திட்டாமல் வந்து அழைத்துப்போவோம் என்று. ஆறு மாதம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். தளரும் தேதி தெரிந்திருந்தால்தான் இளைஞர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

முன்வண்டிக்கு விட வேண்டிய இடைவெளிக்கு எளிய அளவு: முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணத் தொடங்க வேண்டும். எண்ணி முடிக்குமுன் நாம் அந்தக் கம்பத்தைத் தாண்டினால் நெருங்கிவிட்டோம். மழையில் ஐந்துவரை எண்ணலாம். இடைவெளி விட்டால் எவனாவது நுழைந்துவிடுவான் என்பார்கள். நுழையட்டும். மறுபடி பின்வாங்கி இடைவெளி எடுத்துக்கொள்வதால் சேலம் போய்ச் சேர இரண்டு நிமிடம்கூடத் தாமதமாகாது.

கொல்லிமலை

இந்த ஆடிக்கு மலையில் அவன் ஓட்ட வேண்டாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பயிற்சி பெற்றவருக்கே முதல் முறை கை வியர்க்கும் பாதை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிவரை மகன் ஓட்டட்டும். அங்கிருந்து கணவர். மலையில் மகன் முன்சீட்டில் உட்கார்ந்து, பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே வரட்டும்.

பிறகு அவன் மலையேறும் நாள் வரும்போது கவனிக்க வேண்டியவை சில. ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், அது விதி. நடுவில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது ஏறுபவருக்குத்தான் கஷ்டம். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் வைத்து மாற்றக் கூடாது. ஹார்ன் அடித்துவிட்டு, எதிரில் யாரும் வராத மாதிரி தெரிந்தாலும் தன் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பஸ் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு முன்பே நின்றுவிடுவது நல்லது. இறங்கும்போது, ஏறிய அதே கியர். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. பிரேக்கையே தேய்த்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறி, பெடல் அழுத்தினாலும் பிடிக்காத நிலை வரும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.

இன்சூரன்ஸும் மகளும்

பயிற்சிச் சான்றிதழைக் காட்டினால் பிரீமியம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். நம் நாட்டில் பிரீமியம் பெரும்பாலும் வண்டியின் மதிப்பையும் இன்ஜின் அளவையும் வைத்தே போடப்படுகிறது. ஓட்டும் விதத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும் கூடுதல் பாலிசிகளுக்கு 2022ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி தந்தது, உங்கள் நிறுவனத்தில் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான லாபம் நோ கிளெய்ம் போனஸில் இருக்கிறது. கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம் தள்ளுபடி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம்வரை ஏறும். ஒரு பம்பருக்குக் கிளெய்ம் போட்டாலும் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடுமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

மகள் விஷயத்தில் உறுதியாக இருங்கள். 18 வயதுக்குமுன் காரைப் பொதுச்சாலையில் தொடவே கூடாது, அப்பா பக்கத்தில் இருந்தாலும் கூடாது, விடியற்காலை காலிச் சாலையானாலும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பெண்ணுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பதை நிரூபிக்கும் சுமையும் உங்கள் மேல்தான். 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு கியர் இல்லாத, 50 சி.சி.க்கு உட்பட்ட டூ வீலருக்கு லைசென்ஸ் எடுக்கலாம். ஆனால் தெருவில் ஓடும் வழக்கமான ஸ்கூட்டர்கள் 100 சி.சி.க்கு மேல், அந்த லைசென்ஸ் அவற்றுக்குச் செல்லாது.

18 ஆனதும் அவளை அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் சேர்க்கப் பாருங்கள். 2021ல் வந்த விதிகளின்படி அங்கே காருக்கான பாடம் 29 மணி நேரம். நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும், அதில் 21 மணி நேரம் செய்முறை. அங்கே தேர்ச்சி பெற்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் அப்படி மையம் இல்லையென்றால், சாதாரண ஸ்கூலிலேயே இரவு ஓட்டமும் நெடுஞ்சாலை ஓட்டமும் சேர்த்துத் தரும்படி தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கூடுதல் பணம் கேட்பார்கள், கொடுங்கள். அதுவரை அண்ணன் ஓட்டும்போது பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, அவன் பார்க்காமல் விட்ட ஆபத்துகளை எண்ணி வைக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். வண்டி நின்ற பிறகு சொல்லட்டும்.